குருத்தெலும்பு மீன்களின் எலும்புக்கூடும் மரபணுக்களும்

குருத்தெலும்பு மீன்கள் என்பவை, தாடையுள்ள முதுகெலும்பிகளில் உள் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆன ஒரு வகுப்பு ஆகும். சுறா, திருக்கை, உழுவை, வேளா ஆகியவையும், பெரும்பாலும் ஆழ்கடலில் வாழும் கைமீரா மீன்களும் இவ்வகுப்பில் அடங்கும். இன்று வாழும் இனங்கள் ஏறத்தாழ 1,200. வஞ்சிரம், மத்தி, கெண்டை போன்ற எலும்பு மீன்களும், அவற்றின் வழியில் பின்னர் தோன்றிய தவளை, பறவை, மனிதர் ஆகியோரும் வேறொரு கிளையைச் சேர்ந்தவர்கள். இவ்விரு கிளைகளும் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன.

தமிழில் குருத்து என்றால் தளிர், இன்னும் விரியாத இளம் இலை. குருத்தெலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் இது முற்றாத எலும்பு, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் எலும்பாகிவிடும் என்ற எண்ணம் தானாகவே வருகிறது. மனிதக் கருவைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையும்கூட. நம் கை, கால் எலும்புகள் கருவில் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பிறகே எலும்பாகின்றன. இதனால் சுறாவும் இந்தப் பாதையில் பாதியில் நின்றுவிட்ட பழைய விலங்கு என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. கடந்த இருபது ஆண்டுகளில் மரபணு ஆய்வும் புதைபடிவ ஆய்வும் சேர்ந்து இந்தக் கருத்தை ஏறக்குறையத் தலைகீழாக்கிவிட்டன.

சுறாவில் கடினமான பகுதிகள்

கடலூர் முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ சுறாவை வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதில் முள் இல்லை என்பது தெரியும். சுறாப்புட்டு செய்பவர்கள் மீனை வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையை அப்படியே உதிர்த்துவிடலாம். ஆனால் நடுத்தண்டை வெட்டும்போது கத்தி தடுக்கும். அங்கே சிறு வட்டத் தட்டுகளாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகள் வெண்மையாகவும் கடினமாகவும் இருக்கும். காய்ந்த சுறாத் தாடையைத் தட்டினாலும் கட்டை போல ஒலிக்கும்.

சுறா உடலில் கால்சியம் படிந்து கடினமாகும் இடங்கள் மூன்று. முதலாவது, பற்களும் தோலில் உள்ள செதில்களும். தோலின் சொரசொரப்புக்குக் காரணமான இந்தச் செதில் ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு சிறிய பல்லேதான். இரண்டாவது, முள்ளெலும்புத் தட்டுகள். இவற்றில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற வளையங்கள் உண்டு, மீனின் வயதைக் கணக்கிட ஆய்வாளர்கள் இவற்றையே எண்ணுகின்றனர். மூன்றாவது இடம்தான் மிகவும் வியப்பானது. தாடை, மண்டையோடு, துடுப்புத் தண்டு ஆகியவற்றின் மேற்பரப்பில், மெல்லிய உறைக்குச் சற்று உள்ளே, சில நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள பலகோணச் சில்லுகள் நெருக்கமாகப் பதிந்துள்ளன. பழைய வீடுகளின் மொசைக் தரையை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் இந்தச் சில்லுகள் நார்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், தரை மொசைக்கைப் போலன்றி, வளைந்து கொடுக்கும். மீன் வளர வளரச் சில்லுகளின் ஓரங்களில் புதிய கனிமம் சேர்ந்து அவையும் பெரிதாகின்றன.

இந்தக் கனிமம் நம் எலும்பில் உள்ள அதே வகைக் கால்சியம் பாஸ்பேட்தான். எனவே சுறாவுக்குக் கால்சியத்தைப் படியவைக்கத் தெரியாது என்று சொல்வது தவறு. சுறாவிடம் இல்லாதது எலும்பு என்ற திசு. எலும்பில் உயிரணுக்கள் கனிமத்துக்குள்ளேயே புதைந்து வாழும், இரத்தக் குழாய்கள் ஊடுருவும், பழையது கரைக்கப்பட்டுப் புதியது கட்டப்படும். சுறாவின் குருத்தெலும்பில் இந்த ஓயாத பழுதுபார்ப்பு வேலை நடப்பதில்லை. சில சுறாக்களின் முள்ளெலும்பு வளைவுகளில் மட்டும் எலும்பை ஒத்த மெல்லிய படலம் காணப்பட்டுள்ளதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

கருவில் நடப்பது

சுறாக் கருவிலும் மனிதக் கருவிலும் எலும்புக்கூட்டின் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்கிறது. எங்கே குருத்தெலும்பு வர வேண்டுமோ அங்கே உயிரணுக்கள் முதலில் கூட்டமாகத் திரள்கின்றன. தாடைக்கான உயிரணுக்கள் நரம்பு முகட்டிலிருந்தும், முதுகுத்தண்டுக்கானவை முதுகுப் பக்கக் கண்டங்களிலிருந்தும் வருகின்றன. திரண்ட உயிரணுக்களில் சாக்ஸ்9 என்னும் மரபணு இயங்கத் தொடங்குகிறது. இது ஒரு கட்டளை மரபணு. இதன் புரதம் பிற மரபணுக்களின் அருகில் அமர்ந்து அவற்றை இயக்கிவிடும். அப்படி இயக்கப்படுபவற்றில் முதன்மையானது 2-ஆம் வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணு. குருத்தெலும்பின் நார்ச்சட்டகம் இந்தக் கொலாஜனால் ஆனது. மனிதரில் சாக்ஸ்9 பழுதுபட்டால் கை கால் எலும்புகள் வளைந்த கடுமையான பிறவிக் குறை ஏற்படுகிறது. இத்தொடர்பு 1994-இல் கண்டறியப்பட்டது.

இது வரை இரு கிளைகளுக்கும் பாதை ஒன்றே. பிரிவு இதற்குப் பிறகுதான். நம் உடலில் குருத்தெலும்பு உயிரணுக்கள் பருத்து, 10-ஆம் வகைக் கொலாஜனைச் சுரந்து, இரத்தக் குழாய்களை உள்ளே வரவிட்டு, எலும்புக்கு இடம் கொடுத்து விலகுகின்றன. சுறாவில் குருத்தெலும்பு விலகுவதில்லை. வாழ்நாள் முழுதும் அதுவே நிலைக்கிறது.

இந்த ஆய்வுகளில் பூனைச்சுறா, சிறு ஸ்கேட் என்ற இரண்டு இனங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். காரணம் எளியது, இவை முட்டையிடுபவை. ஆய்வகத் தொட்டியில் முட்டையை வைத்துக் கருவை நாள்தோறும் கவனிக்கலாம். நம் கரையில் அதிகம் பிடிபடும் பால்சுறா குட்டி ஈனுவது. அதன் கரு தாயின் உடலுக்குள் நஞ்சுக்கொடியுடன் வளர்கிறது, எனவே அதை இப்படி ஆராய்வது கடினம். ஆனால் முட்டையிடும் மூங்கில் சுறாக்கள் வங்கக் கடலிலும் உள்ளன. அவற்றின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு சுறாவின் மரபணுத்தொகையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டனர்.

ரன்க்ஸ்2 எழுப்பிய புதிர்

1997-இல் ரன்க்ஸ்2 என்று இன்று அழைக்கப்படும் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். ஜப்பானில் கோமோரி குழுவினர் செய்த இச்சோதனையின் முடிவு திகைக்க வைத்தது. பிறந்த எலிக்குட்டிகளின் உடலில் எலும்பே இல்லை. எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பாகவே இருந்தது. விலா எலும்புகள் உறுதியாக இல்லாததால் மூச்சுவிட முடியாமல் குட்டிகள் பிறந்தவுடன் இறந்தன. எலும்பாக்கும் உயிரணு உருவாவதற்கே ரன்க்ஸ்2 வேண்டும் என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒரு மரபணு போனால் எலி சுறாவைப் போலாகிறது என்றால், சுறாவிடம் அந்த மரபணு இல்லாமல் இருக்கலாம் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் தேடியபோது சுறாவிடம் ரன்க்ஸ் குடும்பத்தின் மூன்று மரபணுக்களும் இருந்தன. 10-ஆம் வகைக் கொலாஜனுக்கான மரபணுவும் இருந்தது. பூனைச்சுறாவில் கனிமம் படியும் இடங்களில் அது இயங்குவதாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவிகள் எல்லாம் பெட்டியில் இருக்க, வேலை மட்டும் ஏன் நடக்கவில்லை?

சிங்கப்பூரில் படிக்கப்பட்ட யானைச் சுறா

இக்கேள்விக்கு விரிவான முதல் விடை சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்குள்ள மூலக்கூறு மற்றும் உயிரணு உயிரியல் நிறுவனத்தில் பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழு, நோபல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னருடன் சேர்ந்து, எந்தக் குருத்தெலும்பு மீனின் மரபணுத்தொகையை முதலில் படிப்பது என்று ஆராய்ந்தது. பல சுறாக்களின் மரபணுத்தொகை மனிதனுடையதைவிடப் பெரியது. அன்றைய செலவில் அது கட்டுப்படியாகாது. இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடல்களில் வாழும் கலோரிங்கஸ் மிலி என்ற மீன் தேர்வாயிற்று. துதிக்கை போன்ற மூக்கு இருப்பதால் இதற்கு யானைச் சுறா என்று பெயர். பெயரில் சுறா இருந்தாலும் இது கைமீரா வகையைச் சேர்ந்தது. இச்செய்தி பின்னால் முக்கியமாகும். இதன் மரபணுத்தொகை மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே.

2007-இல் முதற்கட்ட வரைவும், 2014 ஜனவரியில் நேச்சர் இதழில் முழு ஆய்வும் வெளிவந்தன. ஆய்வில் அலிசன் லீ, வைத்தியநாதன் ரவி முதலியோர் வெங்கடேஷுடன் பணியாற்றினர். அதுவரை ஆராயப்பட்ட முதுகெலும்பிகளில் மிக மெதுவாக மாறியுள்ள மரபணுத்தொகை இதுவே என்று அவர்கள் கண்டனர். எலும்பாக்கத்தில் பங்குள்ளவை என்று அறியப்பட்ட மரபணுக் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடினர். ஏறக்குறைய எல்லாமே இருந்தன. ஒரு குடும்பம் மட்டும் இல்லை.

எஸ்.சி.பி.பி. குடும்பம்

இல்லாத அந்தக் குடும்பத்தின் பெயர் எஸ்.சி.பி.பி. இவை உயிரணுவிலிருந்து வெளியே சுரக்கப்படும், பாஸ்பேட் ஏற்றப்பட்ட, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கான மரபணுக்கள். எலும்பிலும் பல்லிலும் கனிமம் எங்கே, எவ்வளவு படிய வேண்டும் என்பதை இப்புரதங்கள் நெறிப்படுத்துகின்றன. இவை ஒரே குடும்பம் என்பதைக் கசுஹிகோ கவாசாகியும் கென்னத் வைஸும் 2003-இல் விளக்கினர். மனிதரில் இவற்றுள் பெரும்பாலானவை 4-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இக்குடும்பத்தின் உறவினர் பட்டியல் சுவையானது. பல் எனாமல் புரதங்கள், உமிழ்நீரில் கால்சியம் படிந்துவிடாமல் காக்கும் புரதம், இவற்றோடு பாலில் உள்ள கேசினும் இதில் உண்டு. பாலைத் தயிராக உறையவைக்கும் அதே கேசின்தான். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பழைய திறமை, எலும்புக்கும் பல்லுக்கும் பாலுக்கும் வெவ்வேறு விதமாகப் பயன்பட்டிருக்கிறது.

குடும்பத்தின் மூதாதை ஸ்பார்க் என்ற மரபணு. முதுகெலும்பிகளின் தொடக்க காலத்தில் மரபணுத்தொகை முழுவதுமே இரட்டித்தபோது ஸ்பார்க்கிலிருந்து ஸ்பார்க்-எல்1 உண்டாயிற்று. பின்னர் எலும்பு மீன்களின் கிளையில் ஸ்பார்க்-எல்1 தன் பக்கத்திலேயே படியெடுக்கப்பட்டு, அந்தப் படிகள் மேலும் படியெடுக்கப்பட்டு எஸ்.சி.பி.பி. குடும்பம் பெருகியது. யானைச் சுறாவில் ஸ்பார்க், ஸ்பார்க்-எல்1 இரண்டும் இருந்தன. பக்கத்தில் இருக்க வேண்டிய படிகள் இல்லை.

வெங்கடேஷ் குழுவினர் அடுத்து வரிக்குதிரை மீனில் இக்குடும்பத்தின் எஸ்.பி.பி.1 என்ற மரபணுவை முடக்கிப் பார்த்தனர். எலும்பு உருவாதல் வெகுவாகக் குறைந்தது. சுறாவுக்கு எலும்பு இல்லாததை இக்குடும்பம் இல்லாததே விளக்குகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். உலக நாளிதழ்கள் பலவும் சுறாவின் எலும்புப் புதிர் விடுபட்டது என்று எழுதின.

விடுபடாத முடிச்சுகள்

அது அவசரத் தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும். முதல் முடிச்சு எலியில் இருக்கிறது. எஸ்.பி.பி.1 உருவாக்கும் புரதத்தின் பெயர் ஆஸ்டியோபாண்டின். அது அறவே இல்லாத எலிகளுக்கு எலும்புக்கூடு இயல்பாகவே உருவாவது 1998-லேயே அறியப்பட்டிருந்தது. ஒரே மரபணுவின் இழப்பு மீனில் ஒன்றும் எலியில் வேறொன்றும் செய்கிறது என்றால், அதை எலும்பின் ஒற்றைச் சாவியாகக் கருத முடியாது.

இரண்டாவது முடிச்சைப் போட்டவர்கள் புதைபடிவ ஆய்வாளர்கள். தாடையே இல்லாத மிகப் பழைய மீன்களுக்கும், தாடை தோன்றிய காலத்துக் கவச மீன்களுக்கும் உடலின் வெளிப்புறத்தில் தடித்த எலும்புக் கவசம் இருந்தது. சுறாக்கள் இவற்றுக்குப் பின் வந்தவை. ஆயினும், கவசம் வெளியில்தான், உள்ளே குருத்தெலும்பை நீக்கி உருவாகும் எலும்பு எலும்பு மீன்களுக்கே உரியது என்று வாதிட இடம் இருந்தது. 2020-இல் அந்த இடமும் பறிபோனது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மார்ட்டின் பிரேசோவும் குழுவினரும் மங்கோலியாவில் கிடைத்த, 41 கோடி ஆண்டு பழமையான ஒரு கவச மீனின் மண்டையோட்டை விவரித்தனர். மின்ஜினியா துர்கெனென்சிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். ஊடுகதிர்ப் படத்தில், அதன் மண்டையோட்டின் உள்ளே நம்முடையதைப் போன்ற வலைப்பின்னல் எலும்பு தெரிந்தது. இம்மீன் சுறாக் கிளையும் எலும்பு மீன் கிளையும் பிரிவதற்கு முந்தைய அடிமரத்தைச் சேர்ந்தது.

அப்படியானால் சுறாக்களின் முன்னோருக்கு எலும்பு இருந்து, பின்னர் அது இழக்கப்பட்டிருக்க வேண்டும். சுறாவின் எலும்புக்கூடு முற்றாத குருத்து அல்ல, கைவிடப்பட்ட எலும்புக்குப் பதிலாக வந்த ஏற்பாடு. ஏன் கைவிட்டன என்பதற்கு உறுதியான விடை கிடையாது. எலும்பு மீன்களுக்கு உள்ள காற்றுப்பை சுறாக்களுக்கு இல்லை. மிதப்பதற்கு எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரலை நம்பும் விலங்குக்கு எலும்புக்கூடு இலேசாக இருப்பது நல்லது என்பது ஒரு விளக்கம்.

மூன்றாவது முடிச்சு 2022-இல் வந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் மெலனி டெபியே-திபோவும் உடன் பணியாற்றியோரும் சுறா, திருக்கை இனங்களின் மரபணுத்தொகைகளில் எஸ்.சி.பி.பி. வகை மரபணு ஒன்று இருப்பதைக் கண்டனர். பூனைச்சுறாவில் அது பற்களையும் தோல் செதில்களையும் உருவாக்கும் உயிரணுக்களில் இயங்குகிறது. யானைச் சுறாவில் அது இல்லை. முன்பு குறிப்பிட்டபடி யானைச் சுறா கைமீரா வகை. அந்த ஒரே இனத்தை வைத்து எல்லாக் குருத்தெலும்பு மீன்களையும் பற்றி முடிவு செய்ததன் குறை இப்போது வெளிப்பட்டது. இன்னொன்றும் தெரிந்தது. சுறாவின் இம்மரபணுவும் ஸ்பார்க்-எல் மரபணுவின் முற்பகுதி படியெடுக்கப்பட்டு உண்டானதே. ஆனால் நம் கிளையில் நடந்ததிலிருந்து இது தனியாக நடந்திருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து, ஒரே முறையில், இரண்டு கிளைகள் தனித்தனியே ஒரே வகைக் கருவியைச் செய்துகொண்டன.

இங்கே மாணவர்கள் சற்று நின்று யோசிக்கலாம். நம் எஸ்.சி.பி.பி. மரபணுக்கள் கிளைகள் பிரிந்த பிறகே தோன்றின என்றால், பிரிவதற்கு முன் வாழ்ந்த மின்ஜினியா அவை இல்லாமலேயே எலும்பைக் கட்டியிருக்க வேண்டும். அவ்வாறெனில் அவை இல்லாதது சுறாவின் எலும்பின்மைக்குப் போதிய காரணம் ஆகாது. அல்லது, 2014-இலேயே சிலர் வாதிட்டதுபோல், இம்மரபணுக்கள் அதற்கும் முன்பே தோன்றிச் சுறாக் கிளையில் அழிந்திருக்க வேண்டும். 2022-இன் கண்டுபிடிப்பு முதல் வாய்ப்பின் பக்கம் சாய்கிறது. அப்போது தேட வேண்டியது இல்லாத மரபணுவை அல்ல, இருக்கும் மரபணுக்கள் எப்போது, எந்த உயிரணுவில் இயக்கப்படுகின்றன என்பதையே.

திருக்கையின் அகன்ற துடுப்பு

மரபணு ஒன்றாக இருந்தும் இயக்கம் மாறினால் உடல் எவ்வளவு மாறும் என்பதற்குத் திருக்கை வகைகள் நல்ல எடுத்துக்காட்டு. சிறு ஸ்கேட் என்ற அட்லாண்டிக் இனத்தின் மரபணுத்தொகை 2023-இல் வெளியானது. இதன் மார்புத் துடுப்பு தலை வரை நீண்டு இறக்கை போல விரிந்திருப்பதற்குக் காரணம் புதிய மரபணுக்கள் அல்ல. உயிரணுக்கள் எந்தத் திசை நோக்கி ஒழுங்காக அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பழைய மரபணுக்களும், உடலின் முன்பின் வரிசையை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களும் புதிய கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தன. மரபணுத்தொகை மடிந்திருக்கும் விதம் மாறியதால், ஒரு மரபணுவை இயக்கும் விசை அதற்கு எட்டும் தொலைவில் வந்துவிட்டது.

இதே மீன் மருத்துவர்களின் கவனத்தையும் ஈர்த்துள்ளது. மனித மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்தால் தானாக வளர்வதில்லை. முழங்கால் வலியோடு வாழும் முதியோர் இல்லாத வீடு குறைவு. ஆனால் முதிர்ந்த ஸ்கேட்டின் குருத்தெலும்பில் வெட்டுக்காயம் ஏற்படுத்தினால், உறையில் உள்ள முன்னோடி உயிரணுக்கள் புதிய குருத்தெலும்பை உருவாக்கிக் காயத்தை நிரப்புவதை ஆண்ட்ரூ கில்லிஸ் குழுவினர் 2020-இல் காட்டினர். அங்கும் சாக்ஸ்9 இயங்குகிறது, கருவில் இயங்கியதுபோலவே. சுறாக் குருத்தெலும்புத் தூள் புற்றுநோயைத் தீர்க்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுறாக்களுக்கும் புற்றுநோய் வரும்.

எலும்புக்கூட்டில் தங்கும் டி.என்.ஏ.

குருத்தெலும்பு மென்மையானது என்பதால் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். காயவைத்த சுறாத் தாடைகளிலும் முள்ளெலும்புகளிலும் கனிமம் படிந்த பகுதி டி.என்.ஏ.வைப் பல பத்தாண்டுகள் காக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தாடைகளிலிருந்தும் அருங்காட்சியக மாதிரிகளிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டுள்ளது.

கடலூருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இங்கிருந்து கடற்கரை வழியே வடக்கே சிறிது தூரத்தில் உள்ள புதுச்சேரியின் பெயரால் ஒரு சுறா இருக்கிறது. அங்கே பிடிக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு 1839-இல் அது விவரிக்கப்பட்டது. 2001-இல் வேளா, அம்மணி உழுவை ஆகியவற்றோடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. 1979-க்குப் பிறகு புதுச்சேரிச் சுறா உயிருடன் பிடிபட்டதாக ஐயமற்ற பதிவு இல்லை. உலகில் உள்ள அதன் மாதிரிகள் இருபதுக்கும் குறைவு. அதன் எலும்புக்கூட்டைப் பற்றி இனி அறியக்கூடியவை எல்லாம், இப்போதைக்கு, அந்தச் சில மாதிரிகளின் தாடையிலும் தண்டிலும்தான் இருக்கின்றன.